யூரினில் டூ ப்ளஸ், அப்புறம் நில்: கர்ப்ப காலத்தில் நான் பட்டது

கர்ப்பமாக இருக்கும்போது ஒவ்வொரு செக்கப்பிலும் எடுக்கிற யூரின் டெஸ்ட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்கேன் பற்றிப் பேசுவோம், சுகர் பற்றிப் பேசுவோம், ரத்த அளவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வோம். யூரின் டெஸ்ட் என்றால் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கையில் கொடுத்து "பாத்ரூம் போய்ப் பிடிச்சிட்டு வாங்க" என்பார்கள், அதோடு சரி. அந்தச் சின்ன டெஸ்ட் என் விஷயத்தில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னது. முதல் தடவை, இல்லாத புரதத்தை இருக்கிறது என்று சொல்லி என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அடுத்த தடவை, ஆபத்து வாசலில் நின்றபோது "நில்" (Nil), அதாவது ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. இதைப் பற்றி முன்கூட்டியே யாராவது நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் பணமும் மிச்சமாகியிருக்கும், அந்த ராத்திரியும் எனக்கு வந்திருக்காது. அதனால்தான் நீளமானாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருப்பூர். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அம்மா இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ஆகவே செக்கப்புக்கு எல்லாம் தனியாகத்தான் போய் வந்தேன். முதல் குழந்தை, வயது முப்பது, முன்னால் பிபி, சுகர் எதுவும் கிடையாது. 31-வது வாரம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் சிஸ்டர் கையில் பிபி பட்டையைச் சுற்றிவிட்டார். 142/90. எனக்குக் கை கொஞ்சம் பருமன், பட்டை முழுசாகச் சுற்றவே இல்லை, ஒட்டிய இடம் பிரிந்து பிரிந்து வந்தது. பிறகு யூரின் கப்.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரில்தான் அந்த மேஜை. ஒரு டிரேயில் ஏழெட்டு கப் வரிசையாக இருந்தன, மேலே டோக்கன் நம்பர் எழுதிய பிளாஸ்திரி. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்தது. சிஸ்டர் ஒவ்வொரு கப்பிலும் ஒரு ஸ்ட்ரிப்பை முக்கி, அந்தக் கப்பின் வாய்மேலேயே குறுக்காக வைத்துவிட்டு, டோக்கன் கூப்பிடப் போய்விட்டார். பாவம், அவர் ஒரே ஆள், வெளியே கூட்டம். நல்ல நேரம் கழித்துத் திரும்பி வந்து, டப்பாவில் இருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து நோட்டில் எழுதினார். என் பெயருக்கு நேராக "ஆல்புமின் 2+". ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். டாக்டர் அறைக்குள் போனதும் முகம் மாறிவிட்டது. "பிபியும் இருக்கு, யூரின்ல புரோட்டீனும் போகுது. ப்ரீ எக்லாம்ப்சியா மாதிரி தெரியுது. இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க." ப்ரீ எக்லாம்ப்சியா என்றால் கர்ப்பத்தின் பின்பாதியில் பிபி ஏறி, சிறுநீரகம், ஈரல் போன்றவற்றைப் பாதித்து, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய நோய்.

அந்த ஸ்ட்ரிப் எப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். புரதத்துக்கான கட்டத்தில் ஒரு சாயம் இருக்கிறது. புரதம் இல்லாவிட்டால் மஞ்சள், ஆல்புமின் சேரச் சேரப் பச்சை. சுமாராக 60 விநாடியில் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு கம்பெனி டப்பாவிலும் நேரம் எழுதியிருக்கும். 1+ என்றால் டெசிலிட்டருக்கு 30 மி.கி., 2+ என்றால் 100, 3+ என்றால் 300 என்ற மாதிரிக் கணக்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சாயம் அடிப்படையில் அமில, காரத் தன்மைக்கு நிறம் மாறுகிற சாயம். அது புரதத்துக்கு மட்டும் நிறம் மாறட்டும் என்று அந்தக் கட்டத்தில் ஓர் அமிலத்தையும் சேர்த்திருக்கிறார்கள். யூரின் ரொம்பக் காரமாக இருந்தால் அந்த அமிலம் தாக்குப் பிடிக்காது, புரதமே இல்லாமலும் கட்டம் பச்சையாகும். ஸ்ட்ரிப்பை நேரம் தாண்டி வைத்திருந்தாலும், யூரினில் வெள்ளைப்படுதலோ ரத்தமோ சீழோ கலந்தாலும், கழுவுகிற ஆன்டிசெப்டிக் மருந்து கலந்தாலும் இதே கதைதான். மூடி திறந்து ஈரம் பட்ட ஸ்ட்ரிப், தேதி முடிந்த ஸ்ட்ரிப் இரண்டையும் நம்பவே முடியாது.

அன்றைய லேப் ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. புரோட்டீன் 2+ என்பதைப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே கீழே இருக்கும் வரிகளை யாரும் பார்க்கவில்லை. பி.எச். (அமில, கார அளவு) 8.5. சீழ் செல்கள் 10–15. எபிதீலியல் செல்கள் "நிறைய". இந்த மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: யூரின் மிகவும் காரமாக இருந்திருக்கிறது, அதில் வெளித்தோலின் செல்லும் வெள்ளைப்படுதலும் கலந்திருக்கிறது, தொற்றும் இருக்கலாம், ஆகவே சுத்தமாகப் பிடித்து இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் ரிப்போர்ட் கைக்கு வந்தால் புரோட்டீன் வரியோடு நிறுத்தாதீர்கள். பி.எச்., ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (யூரின் எவ்வளவு கெட்டி என்பது), சீழ் செல்கள், எபிதீலியல் செல்கள் இந்த நான்கையும் பாருங்கள். படிக்கத் தெரிந்த யாரும் பார்க்கக்கூடியதுதான்.

அட்மிட் ஆன அன்று மதியம் பதினொன்றரை மணிபோல ஒரு பெரிய வெள்ளை கேன் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். "24 மணி நேரமும் யூரினை இதுல பிடிங்க." அவ்வளவுதான் சொன்னார்கள். அப்போதிலிருந்தே பிடிக்க ஆரம்பித்தேன். மறுநாள் பதினொன்றரைக்கு யாரும் வரவில்லை. லேப் பையன் சாயந்திரம் நாலரைக்குத்தான் வந்தான், அதுவரை கேனில் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். ஆக 29 மணி நேர யூரினை 24 மணி நேரம் என்று எழுதி அனுப்பினார்கள். ரிசல்ட் 330 மி.கி. 300-ஐத் தாண்டினால் ப்ரீ எக்லாம்ப்சியா கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நோய் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். 330-ஐ 29-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கிப் பாருங்கள், 273 வரும். இந்தக் கணக்கை நான் வீட்டுக்கு வந்தபிறகு பனியன் கம்பெனி கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். கை நடுங்கியது.

இந்த டெஸ்ட்டைச் சரியாகச் செய்யும் முறை ரொம்ப எளிது, சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரினைக் கேனில் ஊற்றாமல் டாய்லெட்டிலேயே போய்விட வேண்டும். அந்த நேரத்தைக் கேனில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பகல், ராத்திரி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும், மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போகிற முதல் யூரின்தான் கடைசி. மலம் கழிக்கும்போது போவதும் கணக்கில் வரும், முதலில் கேனுக்குப் பிடித்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு தடவை கீழே போய்விட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாக ஆரம்பிப்பதே நல்லது. குறைவாகப் பிடித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும், கூடுதலாகப் பிடித்தால் எனக்கு வந்த மாதிரி வரும். அதே கேனில் கிரியாட்டினினையும் (தசையிலிருந்து வந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் யூரினில் போகும் கழிவு) அளந்தால், உடல் எடைக்குத் தகுந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து, முழுசாகப் பிடித்தாரா இல்லையா என்று டாக்டர் கண்டுபிடிக்க முடியும். அதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கென்று ஸ்டீராய்டு ஊசி இரண்டு போட்டார்கள். எந்த நேரமும் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியிருக்கலாம், குழந்தை ஒன்றரைக் கிலோதான் இருக்கும், இன்குபேட்டருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் எல்லோருக்கும் அம்மா இருந்தார்கள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போனில் கணவரிடம் அழுதேன். அவர் மறுநாளே டிக்கெட் போட்டு, அந்த வருடத்துக்கான லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். டிக்கெட்டுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்குப் பக்கம். ஆஸ்பத்திரி பில் 27,000 ரூபாய். இன்சூரன்ஸில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று ஒரு பைசா தரவில்லை. பணத்தைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த லீவு போனதுதான் எனக்குத் தாங்காத நஷ்டம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அட்மிட் செய்து பார்த்ததைக் குறை சொல்ல மாட்டேன். பிபி 142, புரதம் 2+ என்றால் எந்த டாக்டரும் பயப்படத்தான் செய்வார், பயப்பட வேண்டும். அதே ராத்திரி பிபி 120-களுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அப்போதாவது யூரினைச் சுத்தமாகப் பிடித்து மறுபடி பார்த்திருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தபிறகு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்காகப் பதிந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனேன். அங்கே லேபில் வயதான ஒரு அம்மா. என் கதையைக் கேட்டுவிட்டு, "வெள்ளைப்படுதா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அரிப்பும் இருந்தது, மற்ற இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. "வெறும் தண்ணி ஊத்தி முன்னாலிருந்து பின்னால கழுவிக்கோ. மொதல்ல கொஞ்சம் கீழ விட்டுட்டு, நடுவுல வர்றத மட்டும் புடி. கப்பு உடம்புல படக்கூடாது." பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ஸ்ட்ரிப்பை ஓரமாக வைத்துவிட்டு அவர் கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் யூரின் ஊற்றி, அடிப்பாகத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சாய்த்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மேலே மட்டும் வெள்ளையாகக் கலங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பதறவில்லை. சொட்டுக் குப்பியிலிருந்து அசிட்டிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விட்டார். அந்தக் கலங்கல் என் கண்ணெதிரில் அப்படியே கரைந்து தெளிந்தது. "பாத்தியா, இது பாஸ்பேட்டு. புரோட்டீனா இருந்தா அமிலம் விட்டாலும் போகாது, அப்படியே நிக்கும்." காரமான யூரினில் இந்தப் பாஸ்பேட் படிவது சகஜமாம்.

சூடாக்கிப் பார்க்கும் இந்த முறை ரொம்பப் பழையது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற டாக்டர் 1843-ல் வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் யூரினைச் சூடாக்கிப் பார்த்துத்தான் அதில் ஆல்புமின் இருப்பதை எழுதி வைத்தார். இன்றைக்கும் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு அம்மா அதை அவ்வளவு நிதானமாகச் செய்வதைப் பார்த்தபோது எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அங்கிருந்த டாக்டர் மேடம் வெளியே ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஸ்பாட் யூரின் புரோட்டீன் கிரியாட்டினின் ரேஷியோ. எந்த நேரத்து யூரினாக இருந்தாலும் ஒரு கப் போதும், கேன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரினை மட்டும் தவிர்க்கச் சொன்னார். யூரின் நீர்த்துப் போனால் புரதமும் நீர்க்கும், கிரியாட்டினினும் நீர்க்கும், ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது அந்த வித்தியாசம் அடிபட்டுப் போகும். அதுதான் இதன் பலம். 0.3-ம் அதற்கு மேலும் என்றால் புரதம் போகிறது என்று அர்த்தம். எனக்கு 450 ரூபாய் ஆனது, ரிசல்ட் 0.14. வெள்ளைப்படுதலுக்கு மருந்து கொடுத்தார்கள், கல்ச்சரில் (யூரினில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) வந்த தொற்றுக்கும் மருந்து கொடுத்தார்கள், அடுத்து எடுத்த ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை.

இந்த டெஸ்ட்டில் இரண்டு விஷயம் உஷாராக இருங்கள். லேப் கவுன்ட்டரில் சுருக்கமாக "பி.சி.ஆர்." என்று சொன்னால் கொரோனா டெஸ்ட் என்று பில் போட்டுவிடுகிறார்கள், எனக்கே நடந்தது. முழுப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்தது அலகு. ஒரு லேபில் 0.14 என்று வரும், இன்னொரு லேபில் அதே அளவு கிராமுக்கு 140 மி.கி. என்று வரும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள், அங்கே எல்லைக்கோடு 30. வெளிநாட்டில் இருக்கும் தோழியின் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் அச்சடித்திருக்கும் அலகைப் பாருங்கள், சந்தேகம் என்றால் ஒரே லேபிலேயே எடுங்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். கணவர் லீவு முடிந்து போய்விட்டார். கையில் கட்டும் பிபி மிஷின் ஒன்று வாங்கிக்கொண்டேன், இரண்டாயிரத்துச் சொச்சம். என் கைக்குத் தகுந்த பெரிய பட்டையாகக் கேட்டு வாங்கினேன். சின்னப் பட்டை போட்டால் பிபி கூடுதலாகத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மிஷின்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

35-வது வாரத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. "நீர் கோத்துக்கிச்சு அம்மணி, பார்லித் தண்ணி குடிச்சா வடிஞ்சிரும்" என்று மாமியார் தினமும் ஒரு சொம்பு காய்ச்சிக் கொடுத்தார். யூரினில் புரதம் போகிறது என்று முன்னால் கேள்விப்பட்டதால் முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார், உப்பையும் பாதியாகக் குறைத்தார். அத்தை அன்பாகத்தான் செய்தார். ஆனால் முட்டை சாப்பிடுவதால் யூரினில் புரதம் வருவதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாவதால்தான் வருகிறது. கர்ப்ப காலத்தில் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் நமக்கும் குழந்தைக்கும்தான் நஷ்டம். உப்பைக் குறைப்பதும் ப்ரீ எக்லாம்ப்சியாவைத் தடுக்காது. பார்லித் தண்ணியால் கெடுதல் இல்லை, ஆனால் அது யூரினைத் தண்ணி மாதிரி ஆக்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

36-வது வார செக்கப். வழக்கமான டாக்டர் லீவு, வேறொருவர் இருந்தார். இந்தத் தடவை உட்கார வைத்துத்தான் பிபி பார்த்தார்கள். 146/94. யூரின் ஸ்ட்ரிப் "நில்". டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யூரின் கிளியரா இருக்கும்மா. போன தடவை பயந்ததுல டென்ஷன், அதான் பிபி. ஒரு வாரம் கழிச்சு வாங்க." நான், தலை பாரமாக இருக்கிறது என்றேன். தூக்கம் இல்லாததால் இருக்கும் என்றார். அந்த ரிப்போர்ட்டும் என்னிடம் இருக்கிறது. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.005. அதாவது யூரின் கிட்டத்தட்டத் தண்ணி. ஸ்ட்ரிப் அளப்பது அந்த நேரத்தில் ஒரு டெசிலிட்டரில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஒரு நாளைக்குப் போகிற மொத்தப் புரதம் நிறைய இருந்தாலும் தண்ணி அதிகமானால் ஸ்ட்ரிப் மஞ்சளாகவே நிற்கும். 1.005 அளவில் வந்த "நில்" ரிசல்ட்டுக்கு, பிபி ஏறிய பெண்ணிடத்தில், எந்த மதிப்பும் இல்லை. அதேபோல 1.030 அளவில் கெட்டியான யூரினில் வந்த 1+ சும்மாவும் இருக்கலாம்.

அன்று ராத்திரி பத்து மணிக்குத் தலைவலி பிடரியிலிருந்து நெற்றி வரைக்கும் ஏறியது. பாரசிட்டமால் போட்டும் குறையவில்லை. வலது விலாவுக்குக் கீழே, மேல் வயிற்றில் ஒரு வலி. கேஸ் என்று நினைத்து அத்தை ஓமத் தண்ணி கொடுத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மிஷினை எடுத்துக் கட்டினேன், 164/106. கால் மணி நேரம் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்த்தேன், 162/108. யூரின் நில் என்று காலையில் சொன்னார்களே, இப்போது போனால் திட்டுவார்களோ என்று மனதுக்குள் ஓடியது. நில் என்ற அந்த ஒரு சொல் என்னை எவ்வளவு நேரம் கட்டிப் போட்டது என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது. கடைசியில் 108 ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டேன்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாரும் யூரின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. பிபி, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி என்று கேட்டதுமே பிபிக்கு ஊசியும், வலிப்பு வராமலிருக்க மெக்னீசியமும் ஆரம்பித்துவிட்டார்கள். மெக்னீசியம் ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பு மாதிரிக் காந்தும். முன்னால் தெரியாவிட்டால் செத்துப் போகிறோம் என்றே நினைப்போம். அது மருந்தின் குணம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் 98,000-க்கு இறங்கியிருந்தது, ஈரலின் என்சைம் ஏறியிருந்தது. டியூப் வைத்து எடுத்த யூரினில் ரேஷியோ 1.4. காலையில் நில், ராத்திரி 1.4. விடியற்காலையில் ஆபரேஷன். பெண் குழந்தை, 2 கிலோ 100. சில நாள் பச்சிளம் குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நன்றாக இருக்கிறாள். அவளை முதலில் வாங்க அவள் அப்பா இல்லை. லீவு முழுவதும் 31-வது வாரத்துப் பொய்யான பயத்தில் போய்விட்டதே. வீடியோ காலில்தான் பார்த்தார். நஷ்டம் என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

வார்டில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் காலை ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிபி ஏறின பொண்ணுக்கு யூரின் நில்னு வந்தா, அதை வச்சு வீட்டுக்கு அனுப்பக் கூடாதும்மா. ரத்தம் எடுத்துப் பாக்கணும்." பிறகு படித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏசிஓஜி 2013-லேயே, புரதம் இருந்தால்தான் ப்ரீ எக்லாம்ப்சியா என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகப் பிபி 140/90 அல்லது அதற்கு மேல் போய், அதோடு பிளேட்லெட் குறைவதோ, ஈரல், சிறுநீரகம் பாதிப்பதோ, நுரையீரலில் நீர் கோப்பதோ, மாத்திரைக்கு அடங்காத புதுத் தலைவலியோ, பார்வைக் கோளாறோ இருந்தால் போதும், யூரினில் புரதம் இல்லாவிட்டாலும் அது ப்ரீ எக்லாம்ப்சியாதான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும், ஸ்ட்ரிப்பைக் கண்ணால் பார்க்காமல் முடிந்தவரை மிஷினில் படிக்க வேண்டும், 1+ அல்லது அதற்கு மேல் வந்தால் ரேஷியோ எடுத்து உறுதி செய்ய வேண்டும், 24 மணி நேர யூரினை வழக்கமாகக் கேட்க வேண்டாம் என்கிறது. ஸ்ட்ரிப் மலிவு, ஒரு நிமிடத்தில் முடியும், ஆயிரக்கணக்கான பெண்களை வடிகட்ட அது வேண்டும், நான் மறுக்கவில்லை. தீர்ப்பு எழுதுவதற்கு மட்டும் அது போதாது.

உங்களுக்கு 1+, 2+ என்று வந்தால் டாக்டரிடம் தைரியமாக, மரியாதையாகக் கேளுங்கள்: "சுத்தமா பிடிச்சு இன்னொரு தடவை பாக்கலாமா மேடம், ரேஷியோ எடுத்துடலாமா?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். பிபி நிஜமாகவே ஏறியிருந்தால் அட்மிஷனைத் தள்ளிப்போடாதீர்கள், அங்கே படுத்துக்கொண்டே கேளுங்கள். நில் என்று வந்து பிபி கூடுதலாக இருந்தால் பிளேட்லெட், கிரியாட்டினின், ஈரல் டெஸ்ட் மூன்றும் கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சுத் திணறல், யூரின் குறைவது இதில் எது வந்தாலும் காலை ரிப்போர்ட்டை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். பிபி 160-ஐயோ 110-ஐயோ தொட்டால் ராத்திரி, பகல் பார்க்கக் கூடாது. 20 வாரத்துக்கு முன்னால் எடுத்த முதல் யூரின் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். அப்போதே புரதம் இருந்திருந்தால் அது சிறுநீரகத்தின் பழைய தொந்தரவாக இருக்கலாம், டாக்டருக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

பிரசவத்தோடு இது முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பெற்ற முதல் வாரத்தில்தான் எனக்குப் பிபி மறுபடி 150-களுக்கு ஏறியது. மாத்திரை சில வாரம் சாப்பிட வேண்டியிருந்தது. கர்ப்பத்தில் பிபியே இல்லாதவர்களுக்குக்கூடக் குழந்தை பிறந்தபிறகு ஆறு வாரம் வரை இது வரலாம் என்றார்கள், பத்தியக் குழம்போடு பிபி மிஷினையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் அதே ரேஷியோ டெஸ்ட்டை மறுபடி எடுக்கச் சொன்னார்கள், அப்போதும் புரதம் போய்க்கொண்டிருந்தால் சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, கழுவி, நடுவில் வந்ததைப் பிடித்துக் கொடுத்தேன். 0.11. அடுத்த குழந்தை என்று வந்தால் 12-வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தர வேண்டியிருக்கும், ஆகவே கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலையாக வந்து காட்டு என்று ஃபைலில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பழைய ரிப்போர்ட்டையும் அதே ஃபைலில்தான் வைத்திருக்கிறேன், அடுத்து பார்க்கப் போகிற டாக்டரிடம் காட்டுவதற்கு.